ஜமைக்காவும் பார்படோஸும்: இரண்டு தீவுகளின் பொருளாதாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். 2024 ஜூன் 29 அன்று பார்படோஸில் இந்தியா டி20 உலகக்கோப்பையை வென்றது. அதன் பிறகு பெரில் புயலால் அணி சில நாட்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. அப்போது என் மாணவர்கள் அந்தத் தீவைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். 2025 அக்டோபரில் மெலிசா புயல் ஜமைக்காவைத் தாக்கியபோது கேள்விகள் அங்கே திரும்பின. ஒரே சந்தேகங்கள் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருப்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

வெஸ்ட் இண்டீஸ்னு ஒரே நாடுதானே? அதுல ஜமைக்கா, பார்படோஸ் எல்லாம் மாநிலம் மாதிரியா?

இல்லை. வெஸ்ட் இண்டீஸ் என்ற பெயரில் இன்று ஒரு நாடு இல்லை. அது அந்தத் தீவுப் பகுதிக்கும், பல நாடுகள் சேர்ந்து ஆடும் கிரிக்கெட் அணிக்கும் உள்ள பெயர். 1958இல் பிரிட்டிஷ் கரீபியன் தீவுகளைச் சேர்த்து ஒரு கூட்டாட்சி உண்டாக்கினார்கள். 1961இல் ஜமைக்கா மக்கள் பொதுவாக்கெடுப்பில் வேண்டாம் என்றதும் அடுத்த ஆண்டே அது கலைந்தது. ஜமைக்கா 1962 ஆகஸ்ட் 6 அன்றும் பார்படோஸ் 1966 நவம்பர் 30 அன்றும் தனித்தனியாகச் சுதந்திரம் பெற்றன.

இரண்டுக்கும் இடையே சுமார் 1,900 கி.மீ. கடல். நாணயம், மத்திய வங்கி, பாராளுமன்றம் எல்லாம் தனி. 1973இல் இரண்டும் கையெழுத்திட்டுத் தொடங்கிய கரிகாம் என்ற பொதுச் சந்தை அமைப்பும், மேற்கிந்தியப் பல்கலைக்கழகமும் பொதுவானவை.

ரெண்டும் எவ்வளவு பெரிசு? எது பணக்கார நாடு?

பார்படோஸின் பரப்பு சுமார் 430 சதுர கி.மீ. கிட்டத்தட்டச் சென்னை மாநகராட்சி எல்லை அவ்வளவுதான். அதில் வாழ்வது சுமார் 2.8 லட்சம் பேர். ஜமைக்கா சுமார் 11,000 சதுர கி.மீ.; மக்கள்தொகை சுமார் 28 லட்சம், அதாவது பத்து மடங்கு.

மொத்த உற்பத்தியில் ஜமைக்காதான் பெரியது: ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி அமெரிக்க டாலர். பார்படோஸ் சுமார் 700 கோடி. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் படம் தலைகீழாகிறது. பார்படோஸில் ஒருவருக்கு 20,000 டாலருக்கு மேல், ஜமைக்காவில் 7,000 டாலர் அளவு. உலக வங்கிப் பட்டியலில் பார்படோஸ் உயர் வருமான நாடு, ஜமைக்கா உயர்நடுத்தர வருமான நாடு. ஆனால் பார்படோஸில் விலைவாசி மிக அதிகம். அதனால் வாழ்க்கைத் தரத்தில் உள்ள இடைவெளி இந்த மூன்று மடங்கை விடக் குறைவு.

ரெண்டுமே பிரிட்டிஷ்காரன் கரும்புத் தோட்டம்தானே? அப்புறம் எங்கே பாதை பிரிஞ்சுது?

முதல் பிரிவு நிலத்தில். 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து, 1838இல் உண்மையான விடுதலை கிடைத்தது. ஜமைக்காவில் மலையும் காடும் இருந்தன. விடுதலையானவர்கள் தோட்டத்தை விட்டு மேலேறி, சொந்தக் கிராமங்கள் அமைத்துப் பயிர் வைத்தார்கள். தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை வந்தது. அதை நிரப்பத்தான் 1845 மே மாதம் முதல் கப்பல் இந்தியக் கூலிகளோடு ஓல்ட் ஹார்பர் பே கரைக்கு வந்தது. 1910கள் வரை சுமார் 36,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்தவர்கள். தொடக்க ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஏற்றிச் சென்றார்கள்.

பார்படோஸில் தட்டையான நிலம் முழுக்கத் தோட்டக்காரர்கள் கையில். விடுதலையானவர்களுக்குப் போக இடமே இல்லை. தோட்டத்து ஓரத்தில் வாடகைத் துண்டு நிலத்தில் மரவீடு கட்டிக்கொண்டு, அதே முதலாளியிடம் குறைந்த கூலிக்கு உழைத்தார்கள். கூலிக்கு ஆள் தாராளமாக இருந்ததால் இந்தியர்களைக் கப்பலேற்றும் தேவை அங்கே வரவில்லை. இந்த அநியாயத்தின் தடம் ஆழமானது. சிறிய இடம், எல்லாரும் எல்லாரையும் அறிந்த சமூகம், வலுவான ஒரே தொழிற்சங்கம் என்று பிற்காலத்தில் பார்படோஸைப் பற்றிச் சொல்லப்படும் எதுவும் இந்த நெருக்கடியான நிலத்தில் முளைத்ததுதான்.

ஜமைக்காவுல பாக்சைட் இருக்கு, பார்படோஸ்ல சொல்லிக்கற மாதிரி எதுவும் இல்லை. அப்படியிருந்தும் ஜமைக்கா ஏன் பின்தங்குச்சு?

1950, 60களில் ஜமைக்கா பின்தங்கவில்லை. அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட்டை வட அமெரிக்க நிறுவனங்கள் தோண்டின. உலகின் முன்னணி உற்பத்தியாளர்களில் ஒன்றாக ஜமைக்கா வளர்ந்தது. ஆனால் சுரங்கம் அதிகம் பேருக்கு வேலை தருவதில்லை. நகரங்களில் வேலையில்லாத இளைஞர்கள் பெருகினார்கள். அந்தக் கோபத்தின் மேல்தான் 1972இல் மைக்கேல் மேன்லி ஆட்சிக்கு வந்தார்.

மேன்லி செய்ததில் பாதி அவசியமானவை: இலவச இடைநிலைக் கல்வி, குறைந்தபட்சக் கூலி, முதியோர் எழுத்தறிவு. 1974இல் பாக்சைட்டுக்குப் புதிய வரியாக, அலுமினிய விலையில் 7.5% விதித்தார். வருவாய் ஒரே பாய்ச்சலில் பல மடங்கானது. ஆனால் செலவு அதையும் தாண்டியது, எண்ணெய் விலை ஏறியது, நிறுவனங்கள் வேறு நாடுகளில் தோண்டத் தொடங்கின, பணம் படைத்தவர்கள் மயாமிக்குப் போனார்கள். பற்றாக்குறையை மத்திய வங்கி நிரப்பியது. 1977இல் கடனுக்காக ஐஎம்எஃப் (பன்னாட்டு நாணய நிதியம்) வாசலுக்குப் போக வேண்டியதாயிற்று. 1980இல் எட்வர்ட் சீகா வந்து திசையைத் திருப்பினாலும் கடன் கூடிக்கொண்டேதான் போனது.

ஜமைக்காவில் பிறந்த பொருளியலாளர் பீட்டர் பிளேர் ஹென்றியும் கான்ராட் மில்லரும் இந்த இரு தீவுகளை ஒப்பிட்டார்கள். 1960இல் பார்படோஸின் தலா வருமானம் ஜமைக்காவினுடையதைப் போல ஒன்றரை மடங்கு. 2002இல் இரண்டரை மடங்குக்கு மேல். சட்டம், நீதிமன்றம், பாராளுமன்றம் என இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. எனவே வித்தியாசம் கொள்கையில்தான் என்பது அவர்கள் வாதம். பெருமளவு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்ல கொள்கையை மக்கள் ஏற்றுத் தாங்க வேண்டும் அல்லவா? அதற்கு ஓர் உடன்பாடு தேவை. கீழே வரும் பல பதில்கள் அதைப் பற்றித்தான்.

பார்படோஸ் டாலர் ஐம்பது வருஷமா அமெரிக்க டாலருக்கு ரெண்டுங்கறாங்க. எப்படி அசையாம நிக்குது?

1975 ஜூலையில் 2 பார்படோஸ் டாலருக்கு 1 அமெரிக்க டாலர் என்று கட்டினார்கள். அதன் பின் மாற்றவே இல்லை. யார் வந்து கேட்டாலும் அந்த விலைக்கு டாலர் தரும் அளவுக்கு மத்திய வங்கியிடம் கையிருப்பு இருக்க வேண்டும். கையிருப்பு தீர்ந்தால் கட்டு அறுந்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. உள்நாட்டுச் செலவு ஏறிவிட்டால், நாணய மதிப்பைக் குறைத்துச் சரிசெய்யும் வழி அடைபட்டிருக்கிறது. கூலியையோ அரசுச் செலவையோதான் குறைக்க வேண்டும். அதை நேருக்கு நேர் சந்தித்த ஆண்டு 1991.

1991ல அரசு ஊழியர் சம்பளத்தையே வெட்டினாங்களாமே? அது எப்படி முடிஞ்சுது?

வெட்டினார்கள், 8%. பிரதமர் எர்ஸ்கின் சாண்டிஃபோர்ட். கையிருப்பு கரைந்திருந்தது. நாணய மதிப்பைக் குறைக்கலாம் என்பது ஐஎம்எஃப் பக்கமிருந்து வந்த யோசனை. அரசும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் அதை மட்டும் ஏற்கவில்லை. சம்பள வெட்டை எதிர்த்து பிரிட்ஜ்டவுன் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். வழக்கு இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வெட்டு செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

முக்கியமான வேலை அதன் பிறகு நடந்தது. மூன்று தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து, 1993இல் ஓர் ஒப்பந்தம் எழுதின. அதற்கு அங்கே புரோட்டோகால் என்றே பெயர். சங்கங்கள் கூலி உயர்வைச் சில காலம் நிறுத்திவைக்க ஒத்துக்கொண்டன. முதலாளிகள் விலையை ஏற்றாமலும் ஆட்களை நீக்காமலும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இனி கூலி உயர்வு உற்பத்தித்திறனோடு சேர்ந்துதான் என்று ஆனது. நாணயம் தப்பியது, பொருளாதாரம் எழுந்தது. சாண்டிஃபோர்ட் மட்டும் 1994இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்று, பதவி இழந்தார். அவர் எடுத்த முடிவின் பலனை அனுபவித்தது அடுத்து வந்த ஓவன் ஆர்தர் அரசு.

இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். 1995இல் அரசியலமைப்பையே திருத்தி, இனி அரசு ஊழியர் சம்பளத்தைக் குறைக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். ஊழியர்களின் வலி புரிகிறது. ஆனால் அடுத்த நெருக்கடியில் எல்லாருக்கும் கொஞ்சம் வெட்டு என்ற வழி இல்லாமல் போனது. சிலருக்கு வேலையே போவது மட்டும் மிஞ்சியது. 2018இல் அதுதான் நடந்தது.

அதே சமயம் ஜமைக்காவுல என்ன நடந்துச்சு?

நேர்மாறானது. 1991இல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளை ஒரே மூச்சில் நீக்கினார்கள். 1980களின் பிற்பகுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு 5.50 ஜமைக்கா டாலர். 1991 முடியும்போது 20ஐத் தாண்டியிருந்தது. பணவீக்கம் 80% அளவுக்குப் போனது. சேமித்து வைத்திருந்தவர்களின் பணம் ஓராண்டில் உருகியது.

பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றினார்கள். அதற்குள் மேற்பார்வை போதாமல் வளர்ந்திருந்த வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் 1996, 97இல் சரிந்தன. அரசு ஃபின்சாக் என்ற அமைப்பை உண்டாக்கி அவற்றைத் தாங்கிப் பிடித்தது. செலவு, நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் சுமார் 40%. ஒரு பள்ளிக்கூடமோ சாலையோ எழும்பாமல் இவ்வளவு கடன் ஏறியது. ஜமைக்காவின் கடன் கதையில் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

நாணய மதிப்பு குறைஞ்சா ஏற்றுமதி கூடும்னு பாடப்புத்தகத்துல இருக்கே. இன்னிக்கு ஒரு டாலருக்கு 160 ஜமைக்கா டாலர். ஏன் ஏற்றுமதி கூடலை?

உள்நாட்டில் செய்த பொருளை உள்நாட்டுச் செலவில் விற்கும் பெரிய நாட்டுக்கு அந்தப் பாடம் ஓரளவு பொருந்தும். ஜமைக்காவின் நிலையைப் பாருங்கள். பாக்சைட், அதிலிருந்து எடுக்கும் அலுமினா ஆகியவற்றின் விலை உலகச் சந்தையில் டாலரில் முடிவாகிறது. நாணயம் விழுந்தாலும் ஒரு டன் கூட அதிகம் விற்காது. ஹோட்டல் அறைக்கும் டாலரில்தான் விலை. எண்ணெய், கோதுமை, கோழித்தீவனம், மருந்து எல்லாம் இறக்குமதி. நாணயம் விழுந்த மறுவாரமே இவற்றின் விலை ஏறும், கூலி கேட்பு ஏறும், கிடைத்த சலுகை கரையும். டாலரில் வாங்கிய கடனும் உள்நாட்டுப் பணத்தில் ஊதிப்போகும்.

அதற்காக எல்லாச் சிறு தீவும் பார்படோஸ் மாதிரிக் கட்டிவைக்க வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள். கட்டிவைத்த நாணயத்துக்குக் கட்டுப்பாடான வரவுசெலவு தேவை. அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 பற்றிய பதிலைப் பாருங்கள்.

சுற்றுலாவுல ரெண்டு நாட்டுக்கும் பணம் கொட்டுதே, அது போதாதா?

இரண்டுக்குமே அந்நியச் செலாவணி தரும் முக்கியத் துறை அதுதான். ஆனால் முகம் வேறு. ஜமைக்காவுக்கு விமானத்தில் வருபவர்கள் ஆண்டுக்குச் சுமார் 29 லட்சம், பெரும்பாலோர் அமெரிக்கர்கள். மான்டேகோ பே, நெக்ரில், ஓச்சோ ரியோஸ் கடற்கரைகளில் சாப்பாடு முதல் குடி வரை ஒரே கட்டணத்தில் அடங்கும் பெரிய விடுதிகள். விருந்தினர் வாசல் தாண்டி வெளியே வருவதே குறைவு. பணத்தில் பெரும் பங்கு வெளிநாட்டு உரிமையாளர், விமான நிறுவனம், இறக்குமதிச் சாப்பாடு என்று திரும்பிப்போகிறது.

பார்படோஸுக்கு வருபவர்கள் எண்ணிக்கையில் அதில் சுமார் கால்வாசிதான். பிரிட்டன் நீண்ட காலமாக முக்கியச் சந்தை. மேற்குக் கடற்கரையில் வில்லாக்கள் எடுத்து நீண்ட நாள் தங்கும் வசதியானவர்கள் வருகிறார்கள். கோவிட் காலத்தில், 2020 ஜூலையில், வெளிநாட்டு வேலையை இங்கிருந்து செய்யலாம் என்று 12 மாத விசா ஒன்றைத் திறந்தார்கள். சிறிய நாட்டின் வேகத்துக்கு அது நல்ல சான்று.

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பற பணம் ஜமைக்காவுக்கு எவ்வளவு முக்கியம்?

ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல், நாட்டு உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு அளவு. நியூயார்க்கிலும் டொரொன்டோவிலும் லண்டனிலும் நர்ஸாகவும் பேருந்து ஓட்டுநராகவும் உழைப்பவர்கள் அனுப்புவது. பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் இதில்தான் ஓடுகின்றன. பார்படோஸில் இன்று இதன் பங்கு சிறியது.

ஒரு காலத்தில் அங்கேயும் அப்படித்தான் இருந்தது. 1904 முதல் 1914 வரை பனாமா கால்வாய் வெட்ட பார்படோஸிலிருந்து சுமார் 20,000 பேர் ஒப்பந்தத்தில் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் முன்பு சொன்ன நிலமற்ற குடும்பங்கள் பல முதன்முதலாகத் துண்டு நிலம் வாங்கின.

பார்படோஸ் அவ்வளவு ஒழுங்கான நாடுன்னா 2018ல ஏன் கடனைக் கட்ட முடியாம போச்சு?

1993இன் ஒழுங்கு தானாக நீடிக்கவில்லை. 2008 உலக நெருக்கடிக்குப் பின் சுற்றுலா தளர்ந்தது, வளர்ச்சி நின்றது. அரசு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் மானியம் குறையவில்லை. பற்றாக்குறையை மத்திய வங்கியிடமும் தேசியக் காப்பீட்டு நிதியிடமும் வாங்கி நிரப்பினார்கள். 2018 மே மாதம் கடன் நாட்டு உற்பத்தியில் 150%ஐத் தாண்டியிருந்தது. கையிருப்பு இரண்டு மாத இறக்குமதிக்குக்கூடப் போதாது.

மே 24 தேர்தலில் மியா மோட்லியின் கட்சி 30 தொகுதிகளையும் வென்றது. ஜூன் தொடக்கத்திலேயே வெளிநாட்டுத் தனியார் கடனுக்குத் தவணை நிறுத்தம் அறிவித்தார்கள். உள்நாட்டுக் கடன் அந்த ஆண்டே மறுசீரமைக்கப்பட்டது. தேசியக் காப்பீட்டு நிதியும் இழப்பைச் சுமந்தது. வெளிநாட்டுக் கடனின் மறுசீரமைப்பு 2019 டிசம்பரில் முடிந்தது; அசலில் சுமார் கால் பங்கு குறைந்தது. ஐஎம்எஃப் 29 கோடி டாலர் தந்தது. இவ்வளவுக்கும் நடுவே 2:1 கட்டு அசையவில்லை. 1993இல் பழகிய முத்தரப்புப் பேச்சை மீண்டும் தூக்கி நிறுத்தியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அப்போ இலங்கை 2022ல செஞ்சதும் இதுவும் ஒண்ணுதானா?

தொடக்கம் ஒன்று, போன விதம் வேறு. இரண்டிலும் கையிருப்பு கரைந்துதான் தவணை நின்றது. இரண்டிலும் உழைப்பாளர்களின் ஓய்வுக்கால நிதி பாரம் சுமந்தது. அங்கே தேசியக் காப்பீடு என்றால் இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி. ஆனால் பார்படோஸ் கையிருப்பு முழுவதும் வற்றும் முன்பே நிறுத்தியது. அதனால் எரிபொருளுக்கு வரிசை நிற்கும் நிலை வரவில்லை. இலங்கை தாமதித்தது, ரூபாய் சில வாரங்களில் ஏறக்குறைய பாதி மதிப்பை இழந்தது. கடனை நிறுத்துவதென்றால் முன்னதாக நிறுத்துவதே குறைந்த வலி என்பதற்கு இதைவிடத் தெளிவான ஜோடி எனக்குத் தெரியாது.

ஜமைக்கா கடன் 145%லிருந்து பாதியா குறைஞ்சுதுன்னு படிச்சேன். தள்ளுபடி வாங்கினாங்களா?

அசலில் பெரிய தள்ளுபடி எதுவும் இல்லை. அதுதான் இந்தச் சாதனையின் எடை. 2013இல் கடன் நாட்டு உற்பத்தியில் 145% அளவு. உள்நாட்டுக் கடன்பத்திரக்காரர்கள் 2010இலும் 2013இலும் குறைந்த வட்டிக்கும் நீண்ட தவணைக்கும் பத்திரங்களை மாற்றிக்கொண்டார்கள், அசல் குறையவில்லை. அரசு வட்டி நீங்கலாக உற்பத்தியில் 7.5% உபரி வைத்தது. ஏழைகள் நிறைந்த நாட்டில் ஆண்டுதோறும் அவ்வளவு மிச்சம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. அரசு ஊழியர் சங்கங்கள் சம்பள உயர்வு நிறுத்தத்துக்குக் கையெழுத்திட்டன. ஒரு தள்ளுபடி மட்டும் உண்டு: வெனிசுவேலாவின் பெட்ரோகரிபே எண்ணெய்க் கடன் 320 கோடி டாலர் அளவு. அதை 2015இல் 150 கோடி கொடுத்து ஒரே தடவையில் தீர்த்தார்கள்.

இதைக் கண்காணிக்க எபாக் என்ற குழுவை அமைத்தார்கள். வங்கியாளர், வணிகர், தொழிற்சங்கத்தினர் உட்கார்ந்து, ஐஎம்எஃப் இலக்குகளை அரசு தொட்டதா என்று பார்த்து ஊருக்கே வெளியிட்டார்கள். வேறு ஏதோ ஒரு மாநகரில் எழுதும் அறிக்கைக்குக் கிடைக்காத நம்பிக்கை, உள்ளூர் ஆட்களின் வாய்ச்சொல்லுக்குக் கிடைத்தது. பார்படோஸ் 1993இல் கண்டுபிடித்த உடன்பாட்டை ஜமைக்கா இருபது ஆண்டு கழித்து, பத்து மடங்கு பெரிய, இரு கட்சிப் பகை ஆழமான நாட்டில் கட்டியது. 2016இல் ஆட்சி போர்ஷியா சிம்ப்சன் மில்லரிடமிருந்து ஆண்ட்ரூ ஹோல்னஸுக்கு மாறியது. ஆனால் திட்டம் மாறவில்லை. 2024 மார்ச்சில் கடன் 75%க்குக் கீழ்.

மத்திய வங்கி பணவீக்க இலக்கை விளக்க ரெகே பாட்டு விளம்பரங்களே போட்டது. குறைந்த, நிலையான பணவீக்கம் பொருளாதாரத்துக்கு ரெகேயின் பேஸ் கிட்டார் மாதிரி என்பது அதன் சாரம். மக்கள் மொழியில் சொல்ல வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

கடன் குறைஞ்சுது, சரி. வளர்ச்சி மட்டும் ஏன் 1%லயே நிக்குது?

கடனைக் குறைத்தால் வளர்ச்சிக்குத் தடை விலகும், வளர்ச்சி தானாக வராது. வன்முறை முதல் காரணம். 2023இல் கொலைகள் 1,300ஐத் தாண்டின. அதன் பின் நன்றாகக் குறைந்திருப்பது பெரிய நல்ல செய்தி. காவலாளிக்கும் கம்பிவேலிக்கும் செலவழிக்கும் சிறு வணிகர் இயந்திரம் வாங்க முடியாது. இரண்டாவது, படித்தவர்கள் வெளியேறுவது. பட்டம் பெற்ற ஜமைக்கர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் வாழ்கிறார்கள். மேலே சொன்ன பணவரத்தின் மறுபக்கம் இது. மெலிசாவுக்கு முன்பு வேலையின்மை 4%க்கும் கீழே போய்விட்டதால், ஆள் கிடைப்பதே சிக்கலாக இருந்தது. ஆனால் கால் சென்டரும் விடுதியும் தரும் வேலையில் உற்பத்தித்திறன் குறைவு.

பார்படோஸ் வரி புகலிடம்தானே? அதனாலதான் பணக்கார நாடா இருக்கு?

குறைந்த வரிக்காகப் பல கனடிய நிறுவனங்கள் அங்கே பதிவு செய்தது உண்மை. அரசு வருவாயிலும் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் வருமான இடைவெளி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. உலகளாவிய 15% குறைந்தபட்ச வரி வந்ததும் 2024இலிருந்து நிறுவன வரியை 9% ஆக்கிவிட்டார்கள்.

ஒரு புயல் வந்தா இந்தக் கணக்கெல்லாம் போயிடாதா?

ஜமைக்காவில் அதுதான் நடந்தது. 2025 அக்டோபர் 28 அன்று ஐந்தாம் வகைப் புயலான மெலிசா மேற்கு ஜமைக்காவில் கரை கடந்தது. பிளாக் ரிவர் ஊர் உருக்குலைந்தது. பொருட்சேதம் சுமார் 880 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள், ஓராண்டு உற்பத்தியில் 41%. பார்படோஸ் கிழக்கே தள்ளி இருப்பதால் புயல் பாதைக்குச் சற்று வெளியே. 1955 ஜேனட்டுக்குப் பிறகு 2021இல் எல்சாதான் நேராகத் தாக்கிய சூறாவளி. பெரில் தெற்கே கடந்தபோதும் மீன்பிடிப் படகுகள் நொறுங்கின.

இருவரும் முன்னேற்பாடு செய்தார்கள், வேறு வேறு விதத்தில். ஜமைக்கா பேரிடர் கடன்பத்திரம் விற்றது: புயலின் மையக் காற்றழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் முதலீட்டாளர் பணம் ஜமைக்காவுக்கு. 2024 பெரிலில் அழுத்தம் அந்த அளவைத் தொடவில்லை. பத்துக் காசு வரவில்லை, கடும் விமர்சனம் எழுந்தது. மெலிசாவில் முழுத் தொகையான 15 கோடி டாலரும் வந்தது. சேதத்தில் அது 2%கூட இல்லை. அதாவது முதல் வாரச் செலவுக்குக் கை கொடுக்கும், வீடு கட்டித் தராது. பார்படோஸ் தன் மறுசீரமைத்த பத்திரங்களிலேயே ஒரு விதி எழுதிக்கொண்டது: பேரிடர் வந்தால் இரண்டு ஆண்டுகள் அசலும் வட்டியும் கட்டாமல் தள்ளிவைக்கலாம். கடன் கொடுப்பவர்கள் இதை எல்லாச் சிறு தீவுகளுக்கும் தர வேண்டும் என்று மோட்லி உலக மேடைகளில் கேட்பது நியாயம். கரியமிலவாயுவில் இத்தீவுகளின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இப்போ யார் முன்னே, யார் பின்னேன்னு தேர்வுல கேட்டா என்ன எழுதறது?

எந்த அளவுகோல் என்று முதலில் எழுதுங்கள். வருமானம், பள்ளி, மருத்துவம், பாதுகாப்பு: பார்படோஸ். கடன்சுமை: மெலிசாவுக்கு முன்பு ஜமைக்கா தெளிவாக முன்னே; பார்படோஸின் கடன் இன்னும் உற்பத்தியின் 100% அருகே. என்னைக் கேட்டால், கடந்த பத்தாண்டில் கடினமான வேலையைச் செய்தது ஜமைக்கா. பழைய ஒப்பீடுகளை மட்டும் படித்துவிட்டுப் பார்படோஸ் வெற்றி, ஜமைக்கா தோல்வி என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

இனிமே எந்த எண்களைத் தொடர்ந்து பார்க்கணும்?

ஜமைக்காவில் கடன் விகிதம். 2028 மார்ச்சுக்குள் 60% என்று சட்டத்தில் இலக்கு இருந்தது. பேரிடரில் அந்த விதியை நிறுத்திவைக்கவும் சட்டத்திலேயே வழி உண்டு. மீண்டும் எந்த ஆண்டு விதிக்குள் வருகிறார்கள் என்று சுயேச்சையான நிதி ஆணையம் வெளியிடும் அறிக்கைகளில் பாருங்கள். பார்படோஸில் இரண்டு: எத்தனை மாத இறக்குமதிக்குக் கையிருப்பு இருக்கிறது, 2035-36க்குள் கடனை 60%க்குக் கொண்டுவரும் இலக்கில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். அங்கே மத்திய வங்கி ஆளுநர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தியாளர்களைச் சந்தித்து இதைச் சொல்வார். 2025 அக்டோபர் முதல் பார்படோஸ், பெலீஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் நாட்டவர் தங்களுக்குள் எங்கும் குடியேறி வேலை செய்யலாம். ஜமைக்கா அதில் இன்னும் சேரவில்லை. சேர்ந்தால் முதலில் நகரப்போவது ஆசிரியர்களும் நர்ஸுகளும்தான். அப்போது கூலி அட்டவணைகளை இரண்டு பக்கமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.